யாருடைய விடைத்தாள்? பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் பார்வையற்ற மாணவியின் குறிப்புகள்

வாசகர் ஒருவரின் கேள்வி, 9 பிப்ரவரி 2025

பார்வையற்ற மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஓர் ஆசிரியர் வருகிறார். ஒரு மணி நேரம் கூடுதலாகவும் தருகிறார்கள். என் மகன் மூன்று மணி நேரம் கை வலிக்க வலிக்க எழுதுகிறான். உள்ளபடி சொன்னால், பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பது உங்களுக்கு மற்றவர்களைவிட எளிதுதானே? தவறாக எண்ண வேண்டாம், தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

10 பிப்ரவரி

நான் பிறவியிலேயே பார்வையற்றவள். பத்தாம் வகுப்பு வரை விடுதியுடன் கூடிய சிறப்புப் பள்ளியில் படித்தேன். மேல்நிலை இரண்டாண்டும் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில், பார்வையுள்ள மாணவியரோடு. வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், சிறப்புத் தமிழ் ஆகியவை என் பாடங்கள். இன்னும் மூன்று வாரத்தில் பொதுத்தேர்வு. எனவே உங்கள் கேள்விக்கு நான் ஆறப்போட்டுப் பதில் சொல்ல முடியாது, சூடாகவே சொல்கிறேன்.

உங்கள் மகன் வினாத்தாளைப் பார்க்கிறார். நான் கேட்கிறேன். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைச் சொன்னால்தான் எளிதா கடினமா என்ற பேச்சுக்கே வர முடியும். வரலாற்றுத் தாள் 90 மதிப்பெண்ணுக்கு. முதல் பகுதியில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஆக 80 விடைகளை ஒருவர் வாசிக்க, நான்காவதைக் கேட்கும்போது முதலாவதை மறக்காமல் இருக்க வேண்டும். அடுத்த பகுதியில் பத்து வினாக்களில் ஏழுக்கு விடையளிக்க வேண்டும். அவற்றுள் ஒன்று கட்டாயம். உங்கள் மகனின் கண் பத்தின் மேலும் ஒரே ஓட்டமாக ஓடி, தெரிந்த ஏழைப் பொறுக்கிவிடும். எனக்குப் பத்தும் வரிசையாக வாசிக்கப்பட வேண்டும். பத்தாவது முடியும்போது மூன்றாவது என்னவென்று மீண்டும் கேட்க வேண்டும். கூடுதலாகத் தரப்படும் அந்த ஒரு மணி நேரம், யாரோ தோராயமாக வைத்துக்கொடுத்த அந்த அளவு, இதிலேயே கரைந்துவிடுகிறது.

இதைவிடப் பெரியது இன்னொன்று. நான் சொல்வதை எழுதும் கை என்னுடையது அன்று. அரையாண்டுத் தேர்வில் எனக்காகப் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதினாள். சோழர் கால நீர்ப்பாசனம் பற்றிய விடையில் "ஏரிக்கரை" என்று நான் நான்கு இடங்களில் சொல்லியிருந்தேன். நான்கிலும் அவள் வல்லின றகரம் போட்டு ஏரியைக் கறைப்படுத்திவிட்டாள். திருத்திய ஆசிரியை வகுப்பில் என்னிடம், "ஏம்மா, உனக்கு ரகர றகர வேறுபாடு தெரியாதா?" என்று கேட்டார். தெரியும் என்பதை நான் எதைக் காட்டி நிறுவ முடியும்? தேர்வில் நான் இழக்கும் மதிப்பெண்களில் பாதியாவது எழுதுபவரின் பிழையால்தான் போகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

11 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அந்த ஒரு மணி நேரத்தைத் தோராயமான அளவு என்று எழுதியிருந்தேன், அது தவறு. எங்கள் அரசியல் அறிவியல் ஆசிரியர் கணக்கைச் சொன்னார். மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட நெறிமுறைப்படி, சொல்வதை எழுதுபவரின் துணையோடு தேர்வெழுதுவோருக்குத் தேர்வின் ஒவ்வொரு மணிக்கும் 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடு நேரம் தர வேண்டும். மூன்று மணிக்கு அறுபது நிமிடம். கணக்கு இருக்கிறது. போதுமா என்பது வேறு கேள்வி.

"ஈடு நேரம்" என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே அழுத்திச் சொன்னார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது படிக்க வேண்டும்.

16 பிப்ரவரி

ஞாயிற்றுக்கிழமை. மனம் அந்த ஏரிக்கரையிலேயே நிற்கிறது. ஆசிரியையிடம் அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு எழுத்துப் பிழையின்றி எழுதத் தெரியும். ஏனெனில் நான் தமிழை விரலால் படித்தவள். 1809இல் பிறந்த லூயி பிரெய்ல் ஆறு புள்ளிகளைக் கொண்டு அமைத்த எழுத்து முறையை, 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் என்ற ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே புள்ளிக் கூட்டு. தமிழுக்கே உரிய எழுத்துகளுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. பார்வையுள்ளவர்கள் எழுதும் தமிழில் "கொ" என்ற எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் இருப்பதாகத் தோழி சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் எழுத்தில் முதலில் ககரம், அதன் பின் ஒகரம். வாய் எந்த வரிசையில் ஒலிக்கிறதோ அதே வரிசையில் விரல் படிக்கும். ஆறு புள்ளிகளுக்கான இடம் சேர்ந்தது ஒரு கட்டம். "தமிழ்" என்று எழுத ஐந்து கட்டங்கள் வேண்டும்: த, ம, இ, ழ, பிறகு மெய்யைக் காட்டும் புள்ளி. ர ஒரு வடிவம், ற முற்றிலும் வேறு வடிவம். ஒன்றை மற்றொன்றாக விரல் ஒருபோதும் எண்ணாது.

சிறப்புப் பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து சட்டத்தில் கனத்த தாளைப் பொருத்தி, எழுத்தூசியால் வலமிருந்து இடமாகக் குத்திக் குத்தி எழுதப் பழகினோம். தாளைத் திருப்பினால்தான் புள்ளிகள் புடைத்து நிற்கும். அப்போது இடமிருந்து வலமாகப் படிப்போம். எழுதும்போது ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றிப் போட வேண்டும். ஆறு வயதுக் குழந்தைகள் அதைச் செய்கிறார்கள். அன்று குத்தும் ஓசையால் வகுப்பறை முழுவதும் மழை பெய்வதுபோல இருக்கும்.

மேல்நிலைக்கு வந்தபின் பிரெயில் குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வரலாற்றுப் புத்தகத்தின் பிரெயில் படி எனக்கு ஐந்து தடித்த தொகுதிகளாகக் கிடைத்தது. அதுவும் ஆண்டின் நடுவில். மற்ற பாடங்களை ஒலியாகத்தான் படித்தேன். தோழிகள் கைப்பேசியில் வாசித்துப் பதிவு செய்து தந்தார்கள். பள்ளியின் பழைய கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006இல் தொடங்கிய கட்டணமற்ற மென்பொருள் அது. ஒருங்குறியில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், இருக்கும் தமிழை அது நன்றாகப் படிக்கும். ஆனால் எனக்குக் கிடைத்த பிடிஎப் கோப்புகளில் பல பழைய எழுத்துருவில் இருந்தன. கண்ணுக்கு அழகான தமிழாம் அது. காதுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் சிதறல். ஒரு பாடம் முழுவதையும் தோழி ஒருத்தி மூன்று மாலைகளில் தட்டச்சு செய்து தந்தாள்.

17 பிப்ரவரி

மீண்டும் ஒரு திருத்தம். நேற்று "தமிழ்" என்ற சொல்லுக்குக் கட்டங்களை வரிசையாகச் சொன்னபோது, கடைசியில் புள்ளி வருவதாக எழுதிவிட்டேன். பிரெயிலில் மெய்யின் புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும்: கட்டத்தின் ஆறு புள்ளிகளில் நான்காம் புள்ளியை மட்டும் முதலில் இட்டு, அதன்பின் ழகரம். கட்டங்கள் ஐந்து என்பது சரி, வரிசைதான் தவறு. வாய் ஒலிக்கும் வரிசையிலேயே விரல் படிக்கும் என்று நான் சொன்னதற்கும் இது ஒரு விலக்கு.

இந்தப் பிழை என்னை இரவு உறங்கவிடவில்லை. இரண்டாண்டுக்கு முன் இதை நான் தவறாகச் சொல்லியிருக்க மாட்டேன். காது மட்டுமே படிக்கும்போது விரல் மறக்கத் தொடங்குகிறது. திரைவாசிப்பானின் குரலில் ந, ன இரண்டும் ஒன்று. ர, ற ஏறத்தாழ ஒன்று. நான் கேட்டு மட்டுமே அறிந்த சொற்கள் இந்த இரண்டாண்டில் எத்தனை சேர்ந்திருக்கும்? எண்ணிப் பார்க்க அச்சமாக இருக்கிறது. தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

4 மார்ச்

நேற்றுத் தமிழ்த் தேர்வு முடிந்தது.

எனக்குத் தனி அறை. பேசிப் பேசித் தேர்வெழுதுவதால் பிறரோடு உட்கார வைக்க மாட்டார்கள். எனக்காக எழுத வந்தவர் வேறொரு பள்ளியின் தாவரவியல் ஆசிரியர். குரலை வைத்து ஐம்பது வயது இருக்கும் என்று எண்ணினேன். "நான் தமிழ் வாத்தியார் இல்லம்மா. நீ என்ன சொல்றியோ அதைத்தான் எழுதுவேன். ஒரு எழுத்தும் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். நிதானமாச் சொல்லு," என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். சரிங்க சார் என்றேன்.

முகப்புத் தாளில் கையெழுத்து மட்டும் நானே இட்டேன். அம்மா எனக்கு அதை எட்டாம் வகுப்பு விடுமுறையில் கற்றுத் தந்தார். அட்டையில் கோடுபோல ஒரு துளை வெட்டி, அதைத் தாளின் மேல் வைத்து, துளைக்குள் பேனாவை நகர்த்தச் சொல்வார். பெயரின் முதல் மூன்று எழுத்துகளைக் கற்க முழு விடுமுறையும் ஆயிற்று. விடைத்தாள் முழுவதிலும் என் கை பட்ட இடம் அது ஒன்றுதான்.

பிறகு சொல்லத் தொடங்கினேன். சொல்லுதல் என்றால் உரையாடுதல் அன்று. "பத்தி தொடங்குகிறது, 'சங்க காலத்து', ஒற்று இல்லை, அரைப்புள்ளி, அடுத்த வரி, தலைப்பு, அடிக்கோடு" என்று, கருத்தையும் அதன் உடையையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். வாக்கியம் முடியும்வரை அதன் தொடக்கம் நினைவில் நிற்க வேண்டும். ஏனெனில் அடித்துத் திருத்தச் சொன்னால் அவர் முதலில் தேட வேண்டும், நேரம் போகும். ஐயம் தரும் சொற்களை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். சில இடங்களில் அவர் எழுதுவதை நிறுத்தித் தயங்கியதை உணர்ந்தேன். எழுத்தறியாமல் தயங்குகிறார் என்று எண்ணி இன்னும் அழுத்தமாகச் சொன்னேன். ஓரிடத்தில் "அப்படியேவாம்மா?" என்று கேட்டார். "ஆமாம் சார், அப்படியே," என்றேன்.

மூன்று பெரிய விடைகளை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னேன். மற்றவற்றுக்கு நேரமில்லை. வாசித்துக் கேட்டாலும் எழுத்துப் பிழை காதில் விழாது. கறையும் கரையும் அவர் வாயில் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன. எனவே என் விடைத்தாளில் என்ன இருக்கிறது என்பதை அறியாதவள் நான் ஒருத்திதான்.

7 மார்ச்

ஆங்கிலமும் முடிந்தது. குறிப்பிடத்தக்கதாக ஒன்றுமில்லை. தொண்டை கட்டிவிட்டது. அம்மா சித்தரத்தைக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். உங்கள் மகனுக்குக் கை வலிக்கிறது என்றீர்கள். எனக்கு வலி இங்கே.

20 மார்ச்

வரலாறு முடிந்தது. பத்து வினாக்களில் ஏழைத் தேர்ந்தெடுக்கும் சிக்கலைப் பற்றி முதலில் எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு என் பாட்டி ஒரு வழி சொன்னார். அவர் கடைக்குப் போகும்போது வாங்க வேண்டியவற்றை விரல் கணுக்களில் எண்ணிக்கொள்வார். கட்டைவிரலை விட்டுவிட்டால் நான்கு விரல்களில் பன்னிரண்டு கணுக்கள். தேர்வறையில் எழுதுபவர் வினாக்களை வாசிக்க வாசிக்க, சுட்டுவிரலின் அடிக்கணுவில் முதல் வினா, அதற்கு மேல் இரண்டாவது என்று ஒவ்வொன்றையும் ஒரு கணுவில் உட்கார வைத்தேன். விடை தெரிந்ததென்றால் அந்தக் கணுவை நகத்தால் அழுத்துவேன். பத்தும் முடிந்தபோது அழுத்திய இடங்கள் எட்டு இலேசாக எரிந்தன. அவற்றில் ஒன்றை விட்டேன். இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லவே தேவைப்படவில்லை.

எழுதுபவர் அதே தாவரவியல் ஆசிரியர்தான். விரல்களில் என்ன செய்கிறாய் என்று தேர்வு முடிந்தபின் கேட்டார். சொன்னேன். அவர் பெண்ணுக்குச் சொல்லித் தரப் போவதாகச் சொன்னார்.

முன்பு எழுதிய இன்னொன்றையும் தளர்த்திக்கொள்கிறேன். எழுதும் கை என்னுடையது அன்று என்று முறையிட்டேன். நம் மொழியில் சொல்லிச் சொல்லியே பாடியவர்கள் எத்தனை பேர்! பதினேழாம் நூற்றாண்டின் அந்தகக்கவி வீரராகவ முதலியார் கண்ணில்லாதவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழனியில் வாழ்ந்த மாம்பழக்கவிச்சிங்க நாவலருக்கு அம்மை நோயால் பார்வை போயிற்று. அவர்கள் சொன்னார்கள், பிறர் ஏட்டில் எழுதினார்கள். அந்தப் பாட்டை எழுதியவர் பாட்டு என்று யாரும் சொல்வதில்லை. சொன்னவர் பாட்டுத்தான். சிறப்புத் தமிழுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது இது மனத்தில் பட்டது. ஆனால் அவர்களுக்கு யாப்பு காவலாக இருந்தது. எதுகையில் ஓர் எழுத்தை மாற்றி எழுதினால் கேட்பவர் காதே பிடித்துவிடும். என் உரைநடைக்கு அந்தக் காவல் இல்லை.

26 மார்ச்

நேற்றுப் பொருளியலோடு எல்லாம் முடிந்தது. நீண்டு எழுதப் போகிறேன்.

முதலில் அந்த வரைபடம். நுகர்வுச் சார்பு என்று ஒரு பாடம். வருவாய் கூடக் கூட நுகர்வும் கூடும், ஆனால் வருவாய் கூடிய அளவுக்குக் கூடாது என்பது கருத்து. பார்வையுள்ளவர்களுக்குப் புத்தகத்தில் ஒரு படம். எனக்கு அம்மா ஓர் அட்டையில் செய்து தந்தார்: இரண்டு அச்சுகளுக்குத் தென்னை ஈர்க்கு, 45 பாகைக் கோட்டுக்குச் சணல், நுகர்வுக் கோட்டுக்குக் கம்பளி நூல். அம்மா பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். எந்தக் கோடு எங்கே தொடங்க வேண்டும் என்பதை என் தோழி கைப்பேசியில் சொல்லச் சொல்ல, பசை காய்வதற்குள் ஒட்டினார். சணல் மூலையிலிருந்து புறப்படும். கம்பளி அதற்குச் சற்று மேலே தொடங்கி, சரிவு குறைவாக ஏறி, ஓரிடத்தில் சணலைக் கடந்து அதற்குக் கீழே போகும். கடக்கும் இடத்தில் வருவாயும் நுகர்வும் ஒன்று. அதற்கு அப்பால் சணலுக்கும் கம்பளிக்கும் நடுவே என் விரலை நகர்த்தினால் இடைவெளி அகன்றுகொண்டே போகும். அந்த இடைவெளிதான் சேமிப்பு. இதைவிடத் தெளிவாக யாருக்கும் சேமிப்பு விளங்கியிருக்க முடியாது என்று நம்புகிறேன்.

தேர்வில் அந்த அட்டையை நினைவில் வைத்துக்கொண்டு, "செங்குத்து அச்சில் நுகர்வு, கிடை அச்சில் வருவாய், மூலையிலிருந்து 45 பாகையில் ஒரு கோடு" என்று ஆசிரியருக்குச் சொன்னேன். அவர் வரைந்து முடித்துவிட்டு, "சரியா வந்திருக்கும்மா," என்றார். என் கைக்கு அந்தத் தாள் வழுவழுவென்று வெறுமையாகத்தான் இருந்தது.

இனி அந்த மணியோசை. பிற்பகல் 1.15க்கு மற்றவர்களுக்கு மணி அடித்தது. எனக்கு 2.15 வரை உண்டு. கடைசித் தேர்வு முடிந்தால் சீருடையில் ஒருவர் மேல் ஒருவர் மை தெளிப்பார்கள், சட்டையில் கையெழுத்து வாங்குவார்கள் என்று ஆண்டு முழுவதும் பேசிக்கொண்டிருந்தார்கள். சன்னல் வழியே அந்தக் கூச்சல் கேட்டது. என் வகுப்பு மாணவியரின் குரல்கள் ஒவ்வொன்றையும் பிரித்தறிந்தேன். அப்போது நான் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றின் நடுவில் இருந்தேன். ஆசிரியர் எழுதுவதை நிறுத்தி, "சன்னலைச் சாத்தட்டுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதன்பின் சொன்ன இரண்டு விடைகளும் எனக்கே சரியாக நினைவில்லை.

2.15க்கு வெளியே வந்தபோது திடல் அமைதியாக இருந்தது. காலடியில் எங்கோ ஒரு வெற்றுப் பேனா உருண்டது. யாரும் காத்திருக்கவில்லை. அப்பா வந்து அழைத்துப் போகும்வரை படிக்கட்டில் தனியே உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு மணி நேரத்தைக் கொடுப்பவர்கள், அது எங்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

30 மார்ச்

என் தோழி இதைப் படித்துவிட்டு இன்று காலை வீட்டுக்கே வந்துவிட்டாள். கோபம் அவளுக்கு. அன்று அவளும் இன்னொருத்தியும் காவலர் எல்லாரையும் வெளியே அனுப்பும்வரை என் அறைக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறார்கள். அதன்பின் வெளிக்கதவுக்கு அப்பால் இரண்டரை மணி வரை நின்றிருக்கிறார்கள். நான் படியில் உட்கார்ந்திருந்ததைக் கம்பிகளின் வழியே பார்த்துக் கை காட்டியிருக்கிறார்கள். "கை காட்டினோம்டீ, நீ பாக்கலைங்கறது அப்புறந்தான் உறைச்சுது," என்று சொல்லி அழுதுவிட்டாள். கூப்பிட்டால் காவலர் திட்டுவாரோ என்று பயந்தார்களாம்.

எனவே "யாரும் காத்திருக்கவில்லை" என்ற வரி உண்மையன்று. ஓசை இல்லாத இடத்தில் ஆள் இல்லை என்று முடிவு கட்டுவது என் பழக்கம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அன்று தவறிவிட்டது. அந்த வரியை அழிக்காமல் விடுகிறேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபோது போட்டிருந்த அதே சீருடைச் சட்டையைக் கொண்டுவந்திருந்தாள். மை காய்ந்த இடங்கள் துணியில் சற்று விறைப்பாக இருந்தன. என் கையெழுத்தை அதில் வாங்கிக்கொண்டாள். அம்மாவின் அட்டை இல்லாமலே போட்டேன்.

20 ஏப்ரல்

"ஈடு நேரம்" பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய அனைத்தையும் பள்ளியில் "சலுகை" என்ற ஒரே சொல்லால்தான் குறிப்பார்கள். படிவத்திலும் பேச்சிலும் அதுவே பழகிவிட்டது. சலுகை என்றால் ஒருவர் இரங்கித் தருவது, தராமலும் இருக்கலாம். ஈடு என்றால் இழந்ததற்குப் பதிலாகத் தர வேண்டியது, அது உரிமை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பெயரிலேயே உரிமை இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு, கூடுதல் நேரத்தையும் எழுதுபவரையும் கல்விக்காக அரசு செய்ய வேண்டியவற்றுள் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சலுகை, உரிமை என்ற இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, கேட்கும்போது என் குரல் எப்படி ஒலிக்கிறது என்பதில் இருக்கிறது. பதினோராம் வகுப்பில் நான் ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் ஆசிரியர் அறை வாசலில் நின்று, "யாராவது எழுத வருவாங்களா மிஸ்?" என்று தாழ்ந்து கேட்டிருக்கிறேன். பன்னிரண்டில் அந்தப் பிரிவைத் தெரிந்துகொண்டபின், "எனக்கு எழுதுபவர் யார் மிஸ்?" என்று கேட்கத் தொடங்கினேன். வருபவர் பெரும்பாலும் அதே ஆள்தான். கேள்விதான் வேறு.

சிறப்புப் பள்ளியை விட்டு வந்தது சரியா என்று சிலர் கேட்டார்கள். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கியதிலிருந்து எண்ணினால், தென்னாட்டில் இந்த வழிக்கு வயது நூற்று முப்பதைத் தாண்டுகிறது. பிரெயில், அச்சுகளைக் குழிகளில் செருகித் தடவிப் பார்க்கும் டெய்லர் சட்டத்தில் கணக்கு, வழி தடவி நடக்க வெண்கோல் எல்லாம் எனக்கு அத்தகைய பள்ளி தந்தவைதான். அவை இல்லாமல் நேராகப் பொதுப்பள்ளிக்கு வந்திருந்தால் காதை மட்டுமே நம்பி நின்றிருப்பேன். ஆனால் வேப்பமரத்தடியில் காத்திருந்த இருவர் எனக்குக் கிடைத்தது இங்கேதான். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்னால் முடியாது.

மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனபோது அலுவலகத்தில் என் கையைப் பிடித்து மைப்பெட்டியில் வைக்கப் பார்த்தார்கள். கையெழுத்திடுவேன் என்றேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பேனா தந்தார்கள்.

8 மே

முடிவு வந்தது. 600க்கு 521. கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியைத் திரைவாசிப்பான் படபடவென்று வாசிக்க, அம்மா எதிரே மூச்சுவிடாமல் நின்றார். வரலாறு 94, பொருளியல் 88. அரசியல் அறிவியலும் சிறப்புத் தமிழும் நான் எண்ணியபடியே. தமிழ் மட்டும் 79. நான் மிகவும் விரும்பும் பாடம் அதுதான்.

முதல் நாளே சொன்னேன் அல்லவா, எழுதும் கையின் பிழை என்று? விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். மறுகூட்டலுக்காக அன்று; என் விடைத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாழ்வில் ஒருமுறையாவது எனக்குத் தெரிய வேண்டும்.

3 ஜூன்

நகல் கிடைத்தது. பக்கங்கள் எல்லாம் படங்களாக இருப்பதால் திரைவாசிப்பானுக்கு அதில் ஒன்றும் புலப்படவில்லை. தோழியை வரச் சொன்னேன். பொருளுக்காகப் படிக்காதே, எழுத்து எழுத்தாகப் படி என்று கேட்டுக்கொண்டேன். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை வரை வாசித்தாள்.

முகப்பில் என் கையெழுத்து கோட்டுக்குச் சற்று மேலே மிதக்கிறதாம். பிறகு ஆசிரியரின் கை. மணிமணியாக இருக்கிறது, ஒவ்வொரு பத்தியும் தள்ளித் தொடங்கியிருக்கிறது, நான் சொன்ன அரைப்புள்ளி ஒன்றுகூட விடுபடவில்லை என்றாள். ர, ற எங்கும் பிறழவில்லை. ந, ன, ண சரி. நான் எழுத்துக்கூட்டாமல் விட்ட சொற்கள் அத்தனையையும் அவர் பிழையின்றி எழுதியிருக்கிறார்.

சிவப்பு மையில் வட்டமிட்டிருந்த இடங்கள் ஒன்பது. ஒன்பதிலும் நிறுத்தி வாசிக்கச் சொன்னேன். அவற்றுள் ஏழு, நான் எழுத்து எழுத்தாகச் சொன்ன சொற்கள். கட்டுரை வினாவில் மட்டும் மூன்று இடங்களில் "முயற்ச்சி". தோழி, "மு, ய, ற், ச், சி" என்று வாசித்தபோது, "அப்படியேவாம்மா?" என்று ஆசிரியர் கேட்ட இடம் நினைவுக்கு வந்துவிட்டது. றகர மெய்யை அடுத்து இன்னொரு மெய் வராது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தாவரவியல் படித்தவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஓர் எழுத்தும் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன் என்று முதலில் சொன்ன சொல்லை அவர் காத்தார். நான் அழுத்திச் சொன்ன பிழையை அழகிய கையெழுத்தில் அப்படியே எழுதிவைத்திருக்கிறார்.

பிப்ரவரி 10ஆம் நாள் குறிப்பில், இழக்கும் மதிப்பெண்களில் பாதி எழுதுபவரால் போகிறது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அரையாண்டுத் தேர்வில் நடந்தது நடந்ததுதான். பொதுத்தேர்வில் அப்படி இல்லை. அந்த ஆசிரியர் இதைப் படிக்க நேர்ந்தால், தயங்கிய இடங்களில் நான் குரலை உயர்த்தியதற்கு என்னைப் பொறுத்தருள வேண்டும். தோழி நகலை மூடப் போனாள். ஒன்பது இடங்களையும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். இவை என் பிழைகள். வேறு எவருடைய தாளிலும் இருக்க முடியாதவை.

5 ஜூன்

பரணிலிருந்து பிரெயில் தொகுதிகளை இறக்கித் தரச் சொன்னேன். வரலாற்றின் இரண்டாம் தொகுதியில், விடுதலைப் போராட்டப் பாடத்தில் அந்தச் சொல் கிடைத்தது. ம, உ, ய, நான்காம் புள்ளி, ற, ச, இ. ஏழு கட்டங்கள். நான் ஆசிரியருக்குச் சொன்னது ஒன்பது கட்டச் சொல். விரல் ஏழில் நின்றுவிட்டது. அதற்கு மேல் அங்கே தடவ ஒன்றும் இல்லை. இந்தச் சொல்லை நான் இரண்டாண்டாகக் கேட்டேனே தவிரத் தொடவில்லை.

இளங்கலைத் தமிழுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கல்லூரி திறக்க நாள் இருக்கிறது. சட்டத்தையும் எழுத்தூசியையும் எடுத்துத் துடைத்துவைத்தேன். தாள் கனமானது வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். காதால் மட்டும் கற்ற சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டுவருகிறேன். இன்றுவரை நாற்பத்திரண்டு சேர்ந்திருக்கின்றன.